காரைக்குடி வீட்டுக்குக் குன்னூர்ச் செடி எதற்கு?

தோட்டம் அமைத்துத் தரச் சொல்லி வருபவர் பெரும்பாலும் செல்பேசியில் ஒரு படத்தோடுதான் வருவார். சிங்கப்பூரிலோ குன்னூரிலோ பார்த்த தோட்டம். "இதே செடிகள் வேண்டும்" என்பார். நாமும் உடனே விலைப் பேச்சில் இறங்கிவிடுகிறோம். இந்தத் தொழிலில் பாதிச் செடிகள் சாவது அந்த இடத்தில்தான். மண் எப்படி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை ஊற்றப்போவது யார் என்று கேட்ட பிறகே செடியின் பெயரை எடுக்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்குத்தான் செட்டிநாட்டில் நேரான பதில் கிடைக்காது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பல வீடுகள் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கின்றன. உரிமையாளர் சென்னையில் இருந்தபடி "தினமும் தண்ணீர் விடச் சொல்லிவிடுகிறேன்" என்பார். அந்த வாக்கை நம்பிப் புல்தரை போடாதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரைத் தனியாகக் கேளுங்கள்: மோட்டார் ஓடுகிறதா, குழாய் எதுவரை எட்டும், அவருடைய ஆடுகள் எங்கே கட்டியிருக்கும். முதல் இரண்டு கோடையைத் தாண்டியபின் தானே நிற்கக்கூடிய வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை போன்றவைதான் பூட்டிய வீட்டுக்கு ஏற்றவை. ஆடு நுழையும் வேலியோரம் என்றால் நொச்சியும் ஆடாதொடையும்.

மண்ணுக்கு வருவோம். மேலே செம்மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பல மனைகளில் ஓரடி, ஒன்றரையடி தோண்டினாலே கடப்பாரை செம்புராங்கல்லில் மோதும். நாற்றுப்பையின் அளவுக்கு மட்டும் குழி வெட்டி வைத்தால், ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். தப்பிப் பிழைத்தது சித்திரையில் காயும். செடி வாங்கும் முன் இரண்டடிக் குழி ஒன்று வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் பாறையை உடைக்க வேண்டும், அல்லது மேடு கட்டி அதில் நட வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. சுவரோரம் வரிசையாக இட்லிப்பூச் செடி வைத்திருப்பார்கள். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவை கரும்பச்சையாக இருக்கும். சுவரை ஒட்டியவை வெளிறிக் கிடக்கும். குனிந்து பாருங்கள். முதிர்ந்த இலை பச்சையாகவே இருக்கிறது. கொழுந்து மட்டும் மஞ்சள், அதிலும் நரம்புகள் பச்சைக் கோடாகத் தெரிகின்றன. தோட்டக்காரர் யூரியா போடுவார். பயன் இருக்காது, ஏனென்றால் யூரியா தருவது தழைச்சத்து; அது குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இங்கே குறைவது இரும்புச்சத்து. இடித்த சுவரின் சுண்ணாம்புக் காரை அந்த மண்ணில் கலந்து கிடக்கிறது. அந்தச் சுண்ணாம்பால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. இயல்பில் புளிப்புத்தன்மை கொண்ட செம்மண் பூமி, சுவரோரத்தில் மட்டும் நேர்மாறாகிவிடுகிறது. இரண்டடி ஆழத்துக்குக் காரையை அள்ளிவிட்டு நல்ல செம்மண் நிரப்ப வேண்டும். முடியாதென்றால் சுண்ணாம்பைத் தாங்கும் அரளியைச் சொல்லுங்கள், பிள்ளைகளும் மாடும் அதன் நச்சிலைக்கு எட்டாத இடமாகப் பார்த்து. சந்தேகம் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், ஆழ்துளைக் கிணற்று நீர் இரண்டின் பரிசோதனை பற்றியும் கேட்கலாம்.

முற்றத்தை நிழலான இடம் என்று எழுதிக்கொள்வதும் தவறு. காலையிலும் மாலையிலும் நிழல்தான். உச்சிவெயில் நேராக இறங்கும், கல்தளம் அதைத் திருப்பி அடிக்கும். நிழல்செடிகள் அங்கே கருகும். நான்கு பக்கக் கூரைநீரும் வந்து விழும் இடம் என்பதால் வடிகால் வாயருகே தொட்டி வைக்காதீர்கள். வெளியே ஊரணிக்குப் போகும் வரத்துக்காலிலும் ஒன்றும் நடாதீர்கள்.

தை முகூர்த்தத்துக்குள் தோட்டம் பச்சையாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான அவசரம். இந்தப் பகுதியின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தையில் நட்ட மரக்கன்று வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிடும். விழாவுக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மரத்தைப் புரட்டாசிக் கடைசியில் நட ஒப்புக்கொள்ள வையுங்கள்.

சீக்கிரம் நிழல் வேண்டும் என்று கேட்பவருக்கு, வேகமாக வளரும் அயல்நாட்டு மரமான கோனோகார்ப்பஸைக் காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2025-இல் தமிழ்நாடு அரசே அதை நடத் தடை விதித்தது. அதைப் பரிந்துரைப்பவரின் மற்ற யோசனைகளையும் நான் நம்பமாட்டேன். ஆல், அரசு, அலங்கார அத்தி வகைகளை வீட்டருகே வைப்பதும் வேண்டாம். பறவை எச்சத்தோடு விதை ஓட்டுக்கூரையில் விழுந்து முளைக்கும். வேர் இறங்கிய பிறகு சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். எதை நடுவது என்ற குழப்பத்துக்குப் பக்கத்துக் கோயில் காடு போதும். உலக்கைப் பாலை, வீரை மரங்கள் யாரும் தண்ணீர் விடாமலே அங்கே நிற்கின்றன. மெதுவாக வளரும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டு ஆச்சியிடம் பேசாமல் பட்டியலை முடிக்காதீர்கள். முருங்கை முன்வாசலில் கூடாது என்றால் பின்கட்டுக்குக் கொண்டுபோங்கள், வாதாட வேண்டாம். பிள்ளையார் நோன்புக்கு ஆவாரம்பூ தேடும் வீடு என்றால் ஓர் ஆவாரஞ்செடியைச் சேருங்கள்; சரளை மண்ணே அதற்குப் போதும்.

பிறகு, ஓராண்டு உத்தரவாதம். நீர் விடுபவர் நம் ஆள் இல்லாதபோது அதை எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தச் செடிக்கு எந்த மாதம் எத்தனை குடம் என்று ஒரு தாளில் எழுதி, உரிமையாளருக்கு ஒன்று, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று கொடுத்து, இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.