கடற்படை வீரரின் கப்பல் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

போர்க்காலத்தில் கப்பலில் பணியாற்றிய முதியவரிடம் "போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பலமுறை சொல்லித் தேய்ந்த நாலு வரிகளே கிடைக்கும். முதலில் அவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்று விசாரியுங்கள். கொதிகலன் அறையில் இருந்தவரும் மேல்தளத்தில் நின்றவரும் கண்ட போர் ஒன்றல்ல.

1971 டிசம்பரில், இந்தியா-பாகிஸ்தான் போரின்போது, விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) சிட்டகாங், காக்ஸ் பஜார் ஆகிய இடங்களைத் தாக்கியது வரலாற்றில் பதிவானதே. ஆனால் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்த அக்கப்பலின் வேகத்தைத் தக்கவைக்க இயந்திர அறையினர் பட்ட பாட்டை, அந்த வெக்கையில் நின்றவர்தாம் சொல்ல முடியும்.

கப்பலில் காவல் முறை, அதாவது ஒருவர் தொடர்ந்து பணியில் நிற்கும் நேரம், பொதுவாக நான்கு மணி நேரம். மாலை 4 முதல் 8 வரையிலான முறையை மட்டும் இரண்டாகப் பிரிப்பார்கள், ஒருவருக்கே தினமும் அதே நேரக் காவல் விழாதிருப்பதற்காக. ஆகவே, நள்ளிரவுக் காவல் முடிந்து இறங்கியதும் எங்கே படுத்தீர்கள், என்ன குடித்தீர்கள், சீட்டாட்டத்தில் யார் ஏமாற்றினார் என்று கேளுங்கள். முகம் மலர்வது இத்தகைய கேள்விகளுக்குத்தான்.

பழைய குழுப்படம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். தேதி தவறினால் இடைமறிக்க வேண்டாம்; பணிப் பதிவேட்டோடு பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். உயிரிழந்த தோழர்களைப் பற்றி அவராகத் தொடங்கினாலன்றித் துருவாதீர்கள். ஒலிப்பதிவை அன்றைக்கே இரண்டு இடங்களில் சேமித்து, படத்திலுள்ளவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிவையுங்கள்.