கெட்ட ரத்தமும் நீல ரத்தமும்: இதயப் பாடத்தில் சறுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்பு விடைத்தாளில் இதயப் படம் வந்தால் நான் முதலில் பார்ப்பது இடது, வலதைத்தான். தாளின் இடப்பக்கத்தில் "இடது வெண்ட்ரிக்கிள்" (இதயத்தின் கீழறை) என்று எழுதியிருந்தால், அதன்பின் போட்ட அம்புக்குறிகள் எல்லாம் தலைகீழ். படத்தில் இருப்பது நமக்கு எதிரே நிற்பவருடைய இதயம்; அவருடைய வலது நமக்கு இடப்பக்கம் வரும். சந்தேகம் வந்தால் படம் வெளியே தெரிகிற மாதிரி புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள், சரியாகிவிடும்.

அடுத்த சறுக்கல் நிறத்தில். "தமனியில் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம், சிரையில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் நுரையீரலுக்கு வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். இதயத்தை விட்டு வெளியேறும் குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்பும் குழாய் சிரை. பெயர் வைத்தது போகும் திசையைப் பார்த்துத்தான். அதனால் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும், நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் மிகுந்த ரத்தமும் ஓடும். இலங்கையில் படித்தவர்களுக்கு இவை நாடி, நாளம், விதி இதேதான்.

நீல மையில் வரைந்திருப்பதால் சிரை ரத்தம் நீலம் என்று நினைக்காதீர்கள். ரத்ததானம் செய்தவர்கள் பையைப் பார்த்திருப்பீர்கள், நல்ல கருஞ்சிவப்பு. புறங்கையில் நீலமாகத் தெரிவது தோல் வழியே வெளிச்சம் போய்த் திரும்பும் விதத்தால். ஊசி போடுபவர் "நரம்பு கிடைக்கலை" என்று தேடுவதும் இந்தச் சிரையைத்தான். பேச்சில் இருக்கட்டும், விடைத்தாளில் நரம்பு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை "அசுத்த ரத்தம்" என்று சொல்வது எனக்குப் பிடிப்பதே இல்லை. அதைக் கேட்டதும் நுரையீரலை ஒரு வடிகட்டியாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே நடப்பது கரியமில வாயுவை இறக்கி ஆக்சிஜனை ஏற்றும் வேலை. யூரியாவை வடிப்பது சிறுநீரகம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடலைச் சுற்றித் திரும்பும் ரத்தத்தில், ஏற்றிப் போன ஆக்சிஜனில் சுமார் முக்கால் பங்கு அப்படியே இருக்கும். அதையா கெட்டது என்பது?

சிலர் வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கத்துக்கு அம்பு போடுவார்கள். அவர்களைத் திட்ட மனம் வராது. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலனும் அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகத்தான் சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் அதை மறுத்து, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று எழுதினார்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே தவறுகிற இடம் வேறு. பாதையை வலப்பக்கம், நுரையீரல், இடப்பக்கம், உடல் என்று வரிசையாக எழுதிப் பழகியதால், வலப்பக்கம் துடித்த பிறகுதான் இடப்பக்கம் துடிக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு ஆரிக்கிள்களும் (மேலறைகள்) சேர்ந்து சுருங்கும், அப்புறம் இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் சேர்ந்து சுருங்கும். துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆட்டு இதயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் கெட்டியாக விரலை எதிர்க்கும். வலது சுவர் மெல்லிசு, அமுக்கினால் மடங்கும். உடனே "இடது பக்கம் அதிக ரத்தம் தள்ளும்" என்று எழுதிவிடுவார்கள். அதிகம் இருப்பது அழுத்தம். மனிதரில் உடம்புக்குப் போகும் பக்கம் சுமார் 120 மி.மீ. பாதரசம், பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குச் சுமார் 25. அளவு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். கணக்குப் போடுங்கள்: வலப்பக்கம் துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், பத்து நிமிடத்தில் 720 மில்லி நுரையீரலில் தேங்கிவிடும். இடப்பக்கம் தளர்ந்த இதய நோயாளி படுத்ததும் மூச்சு வாங்கி எழுந்து உட்காருவது நுரையீரலில் இப்படித் தேங்குவதால்தான்.

லப், டப் இரண்டுமே வால்வுகள் மூடும்போது எழும் சத்தம். திறக்கும் சத்தம் என்று எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அறை நிறைய ரத்தம் இருக்கிறதே, இதயத் தசை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். சுவர் அதற்கு மிகவும் தடிப்பு. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே கிளைக்கும் கரோனரி தமனிகள் வெளிப்புறமாகச் சுற்றி வந்துதான் தசைக்கு ரத்தம் தருகின்றன. அதில் ஒன்று அடைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 5 லிட்டர் உள்ளே ஓடினாலும் அந்தப் பகுதித் தசை ஆக்சிஜன் இல்லாமல் செத்துப்போகும்.