பழைய ஜீன்ஸிலிருந்து கத்திப்பிடி: வீட்டிலேயே மைக்கார்ட்டா செய்வது எப்படி

வீட்டில் காய் நறுக்கும் கத்தியின் மரப்பிடி தண்ணீரில் ஊறி ஊறி வெடித்துவிட்டது. மறுபடியும் மரம் வேண்டாம் என்று மைக்கார்ட்டாவில் இறங்கினேன். முதல் பலகை வீணானது, இரண்டாவது சரியாக வந்தது.

துணியையோ தாளையோ பிசினில் நனைத்து, அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகைதான் மைக்கார்ட்டா. 1907இல் லியோ பேக்லண்ட் பேக்லைட் பிசினைக் கண்டுபிடித்தார். 1910 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அந்த வகைப் பிசினைக் கொண்டு, மின்கருவிகளுக்குள் மின்சாரம் கசியாமல் தடுக்க இதை உருவாக்கியது. அங்கே வேலை பார்த்த டேனியல் ஓ'கானரும் ஹெர்பர்ட் ஃபேபரும் பிரிந்து போய், 1913இல் சின்சினாட்டியில் ஃபார்மிகா கம்பெனியைத் தொடங்கினார்கள். மின்சாரம் கசியாமல் தடுக்கும் மைக்கா என்ற கனிமத்துக்குப் பதிலான பொருள், அதாவது 'ஃபார் மைக்கா' என்பதால் அந்தப் பெயர். நம் ஊர் தச்சர்கள் மேசையில் ஒட்டும் ஃபார்மிகா வகை ஷீட்டை இன்றும் 'மைக்கா' என்றுதான் சொல்கிறார்கள். அதில் மைக்கா கிடையாது. எந்தப் பொருளுக்கு மாற்றாக வந்ததோ அதன் பெயரே கடைசியில் இதற்கு நிலைத்துவிட்டது!

அசல் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, காய்ச்சி இறுக்க இயந்திரமும் வேண்டும். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். நாம் எப்பாக்ஸியில், அதாவது ஹார்டனர் என்ற திரவத்தைக் கலந்தால் தானே இறுகும் பிசினில் செய்கிறோம். ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்ஸியை வாங்காதீர்கள், பாதி அடுக்கிலேயே கல்லாகிவிடும். மெதுவாக இறுகும் வகைதான் இதற்குச் சரி.

1. துணி. பழைய ஜீன்ஸை 15 × 5 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். எனக்கு 12 துண்டுகளில் சுமார் 7 மி.மீ. கனம் வந்தது.

2. கஞ்சியை எடுப்பது. நான் சறுக்கியது இங்கேதான். முதல் தடவை கஞ்சி போட்ட வேட்டித்துணியை அப்படியே அடுக்கினேன். மேலே பளபளவென்று இருந்த பலகை, அறுத்ததும் அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. கஞ்சி நூலை மூடியிருந்ததால் பிசின் உள்ளே இறங்கவே இல்லை. அதனால் துணியை வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசுங்கள், மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மறுபடி அலசவேண்டும். விட்டவுடன் உறிஞ்சினால் துணி தயார். ஈரம் துளியும் இல்லாமல் இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. அடுக்குவது. கையுறை கட்டாயம். பிசினையும் ஹார்டனரையும் டப்பாவில் போட்டிருக்கும் எடை விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள், கண்ணளவு இதற்கு உதவாது. ஒரே கப்பில் நிறையக் கலந்தால் தானே சூடேறிச் சட்டென்று இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு பக்கமும் ஊறவிட்டு, பாலித்தீன் தாளின்மேல் அடுக்குங்கள்.

4. இறுக்குவது. மேலேயும் பாலித்தீன் போட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து நான்கு சி கிளாம்பால் இறுக்குங்கள். ஓரத்தில் பிசின் கசியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் திருகினால் பிசின் மொத்தமும் வெளியே வந்து துணி வறண்டுபோகும். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் ஹாக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். விளிம்பை வளைவாகத் தேய்க்கும்போது நீலமும் வெள்ளையுமாக ஒவ்வொரு அடுக்கும் மர வளையம் போல வெளியே வரும். இதற்காகவே இன்னொரு பிடி செய்யத் தோன்றும். ரொம்பவும் பாலிஷ் போடாமல் விட்டால் ஈரக்கையிலும் வழுக்காது.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் இரண்டு பேர், அலசியும் அடுக்கு பிரிகிறது என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தால், இருவரும் எடுத்தது இழுத்தால் நீளும் ஜீன்ஸ். அதில் செயற்கை நூல் கலந்திருக்கும். உள்பக்கத் துணிச்சீட்டில் முழுப் பருத்தி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.