தாராவி ஸ்கூல் சுவர்ல படம் வரையப் போறீங்களா? முதல்ல சுவரைத் தொட்டுப் பாருங்க

ஸ்கூல்ல மியூரல் போடலாம்னு யாராவது குரூப்ல மெசேஜ் போட்ட உடனே எல்லாரும் பின்டரெஸ்ட்ல படம் தேட ஆரம்பிச்சிடுறாங்க. படம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ரெண்டு விஷயம் தெரியணும், சுவர் எப்படி இருக்கு, வரப்போற கைங்க எப்படிப்பட்ட கைங்க. மும்பைல தாராவி, சயான் பக்கம் முனிசிபல் ஸ்கூல்கள்ல வேலை பாக்கப் போறவங்களுக்காக எழுதுறேன், மத்த ஊர்க்காரங்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வாய்வார்த்தையா சரின்னு சொன்னா பத்தாது, எழுத்துல வாங்குங்க, கூடவே ஸ்கெட்ச் காப்பியும் குடுத்துடுங்க. முனிசிபல் ஸ்கூல்னா மேல இருந்தும் பெர்மிஷன் வேணும், அதை அவங்கதான் வாங்கித் தரணும், அதனால சீக்கிரமே கேட்டு வெச்சிடுங்க. பிள்ளைங்க முகம் தெரியுற மாதிரி போட்டோ போடுறதா இருந்தா அதுக்கும் பெத்தவங்க சம்மதம் வேணும்.

மாசம்னு பாத்தா இங்க ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வெளிச்சுவரைப் பத்தி நினைக்கவே வேணாம். மழை நின்னாலும் சுவர் உள்ளுக்குள்ள ஈரமாத்தான் இருக்கும், நவம்பர் மேலதான் நல்லது, தீபாவளி லீவு கிடைச்சா இன்னும் வசதி, பிப்ரவரி மார்ச்ல பரீட்சைன்னு உள்ள விட மாட்டாங்க. ஈரம் இருக்கான்னு பாக்க ஒரு ரெண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டி ஒரு நாள் விட்ருங்க, பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னுதுன்னா அந்த சுவர் இன்னும் ரெடி இல்ல. வெள்ளையா உப்பு பூத்திருந்தா பெயின்ட்டுக்கு அடில தண்ணி எங்கிருந்தோ வந்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம், பைப் லீக்கா மொட்டைமாடி ஒழுகலான்னு பாத்து அதைச் சரி பண்ணாம மேல எத்தனை கோட் அடிச்சாலும் அப்பளம் மாதிரி பொரிஞ்சு வந்துடும். புதுசா பூசின சுவர்னா ஒரு 28 நாளாவது விடுங்க.

அடுத்தது சுரண்டுறது. இதுக்கு மட்டும் வாலன்டியர்ஸ் வேணாம், காசு குடுத்து ஒரு பெயின்டரை வைங்க. பழைய ஆயில் பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு உலர தேய்ச்சா அந்தத் தூசி பிள்ளைங்க மூக்குக்குத்தான் போகும். தண்ணி தெளிச்சு ஈரமா தேய்க்கச் சொல்லுங்க, மாஸ்க் போடச் சொல்லுங்க, பிள்ளைங்க இல்லாத நாள்ல பண்ணுங்க. அப்புறம் பட்டி பாத்து, எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்.

பெயின்ட் கணக்கு பாருங்க. 30 அடி நீளம் 8 அடி உயரம்னா 240 சதுர அடி, எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவருக்கு அடிக்கிற, தண்ணி கலக்குற பெயின்ட்) ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு தோராயமா 50 சதுர அடி வரும், ஆக அடி வெள்ளைக்கே ஒரு 5 லிட்டர் போயிடும். 10 லிட்டர் பக்கெட் ஒண்ணு வாங்கிட்டா மீதில ஸ்டெய்னர் (கலர் சேர்க்குற திரவம்) கலந்து வெளிர் கலர் எல்லாம் பண்ணிக்கலாம். ஆனா வெள்ளைல ஸ்டெய்னரை எவ்வளவு ஊத்தினாலும் ரோஸ்தான் வரும், ரத்தச் சிவப்பு வராது, ஊத்திக்கிட்டே போனா காயாம கைல ஒட்டும். அடர்த்தியான சிவப்பு, நீலம் எல்லாம் கடைல மெஷின்ல கலந்து 1 லிட்டர் டப்பாவா வாங்கிடுங்க, தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் ஹார்டுவேர் கடை அண்ணாச்சிகிட்ட ஸ்கூலுக்குன்னு சொன்னா விலைல ஏதாவது பாத்துப் பண்ணுவாரு. மஞ்சளும் சிவப்பும் மறைப்புத் திறன் கம்மி, மூணு கோட் ஆகும்னு வெச்சுக்குங்க.

இப்ப படம். வாலன்டியர்ஸ்ல முக்கால்வாசிப் பேர் பிரஷ்ஷைப் பிடிச்சே வருஷக்கணக்கு ஆகியிருக்கும், அவங்களுக்கு காந்தி முகம், ஷேடிங் எல்லாம் வெச்சா அன்னிக்கு சாயங்காலம் காந்தி வேற யாரோவா இருப்பாரு. பெரிய பெரிய தட்டையான வடிவம் வைங்க. சிவ்ரி கடலோரச் சேத்துல வந்து நிக்கிற ஃபிளமிங்கோ, லோக்கல் ட்ரெயின், தாராவில குயவருங்க இருக்கிற கும்பார்வாடா பானைங்க, இதெல்லாம் பிள்ளைங்களுக்குப் பழக்கமானது, அவங்களையே வரையச் சொல்லி அதுல இருந்தே எடுத்துக்கலாம். வார்லி ஸ்டைலும் (மகாராஷ்டிரா பழங்குடி மக்களோட சுவர் ஓவியம்) ஈஸி, வட்டம் முக்கோணம் கோடுதான், காவிக் கலர் மேல வெள்ளை.

படத்தை சுவருக்கு ஏத்தறதுக்கு ப்ரொஜெக்டர் எல்லாம் தேடி அலைய வேணாம். ஸ்கெட்ச்ல ஒரு இஞ்ச் கட்டம், சுவர்ல ஒரு அடி கட்டம். ரெண்டு பேர் நூலை இழுத்துப் பிடிக்க, கலர் சாக்பீஸ் பொடி தடவின நூலை நடுவுல ஒருத்தர் சுண்டினா நேர்கோடு விழுந்துடும், நீலப்பொடி மட்டும் வேணாம், வெளிர் கலருக்கு அடில இருந்து எட்டிப் பாக்கும். இந்த வேலைக்கு நான் எப்பவும் பிள்ளைங்களோட அம்மாக்களைத்தான் கூப்பிடுவேன், புள்ளி வெச்சு சிக்குக்கோலம் போடற கை, கட்டத்துக்குள்ள எது எங்க வரும்னு சொல்லித்தரவே தேவையில்ல, ஆர்ட்ஸ் காலேஜ் பசங்களே ஓரமா நின்னு வேடிக்கை பாப்பாங்க.

அவுட்லைன் முடிஞ்சதும் ஒவ்வொரு பாகத்துலயும் சாக்பீஸால நம்பர் எழுதிடுங்க, காலி ஸ்ரீகண்ட் (தயிர் இனிப்பு) டப்பால பெயின்ட் ஊத்தி அதே நம்பரை ஒட்டிடுங்க. 3 நம்பர் டப்பா வெச்சிருக்கவர் 3 போட்ட இடத்தை மட்டும் அடிப்பாரு, "இது என்ன கலர்ணா?"ன்னு யாரும் உங்க பின்னாடி சுத்த மாட்டாங்க. தண்ணி கலக்குற வேலை ஒரே ஆள்கிட்ட இருக்கட்டும், ஆளாளுக்கு ஊத்தினா ஒழுகும். 30 அடி சுவர்ல ஒரே நேரத்துல 10 பேருக்கு மேல நின்னா முழங்கை இடிக்கும், ஆபீஸ்ல இருந்து 40 பேர் டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு வர்றாங்கன்னா ஷிஃப்ட் போட்டுப் பிரிங்க, ஒரு கோட் பெயின்ட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல எப்படியும் 4 மணி நேரம் காயணும். ஸ்டூல், ஏணி மேல பிள்ளைங்க கூடவே கூடாது, அவங்களுக்கு 4 அடிக்குக் கீழ. கடைசி கறுப்பு அவுட்லைனை கை நடுங்காத ரெண்டு பேர்கிட்ட மட்டும் குடுங்க, அரை இஞ்ச் பிரஷ், மேல இருந்து கீழ.

தமிழ் மீடியம் ஸ்கூல்னு சொல்லி குறள் எழுதுறதா இருந்தா தமிழ் டீச்சரை பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்கார வைங்க. தமிழ் தெரியாத வாலன்டியர் மெய்யெழுத்துப் புள்ளியை ஏதோ சொட்டு விழுந்திருக்குன்னு நினைச்சு பாசமா வெள்ளையடிச்சு மறைச்சிட்டுப் போயிடுவாரு.

அடில ஒரு அடி உயரத்துக்கு அடர் செங்கல் கலர்ல பட்டை விட்ருங்க. மழைச் சேறு தெறிக்கிறது, ஃபுட்பால் படுறது, ரோட்டோரச் சுவர்னா பான் எச்சில், எல்லாத்தையும் அது வாங்கிக்கும். பிரஷ் கழுவின தண்ணியை வாய்க்கால்ல கொட்டாம பக்கெட்லயே தெளிய விட்டு, அடில தங்கின மண்டியை பேப்பர்ல வழிச்சு காய வெச்சு குப்பைல போடுங்க. மிச்ச பெயின்ட்ல ஒவ்வொரு கலர்லயும் கொஞ்சம் மூடி போட்ட டப்பால ஊத்தி, ஷேட் நம்பர், அந்த கலர் படத்துல எங்க வருதுன்னு எழுதி ஒட்டி ஸ்கூல் அலமாரில வெச்சிடுங்க. டச்-அப்புக்கு அடுத்த தீபாவளி லீவுல தேவைப்படும்.