டிஸ்னி வேர்ல்டு டைனிங் பிளான்: உங்கள் குடும்பத்துக்குக் கட்டுமா என்று கணக்குப் போடுவது எப்படி?

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு, அவர்களுடைய ஹோட்டலிலேயே அறை எடுத்து பேக்கேஜாக புக் செய்பவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: டைனிங் பிளான் வேண்டுமா? சாப்பாட்டுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டிவிடும் திட்டம் இது. "கட்டிவிட்டால் அங்கே போய் ஒவ்வொரு வேளையும் விலையைப் பார்த்து யோசிக்க வேண்டாமே" என்று பலரும் அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிடுகிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஒரு "சரி" ஆயிரம் டாலரையும் தாண்டலாம். ஒரு தாளும் அரை மணி நேரமும் இருந்தால் போதும், நிம்மதியாக முடிவெடுக்கலாம். முதல் முறை போகிறவர்களை மனதில் வைத்து, அந்தக் கணக்கை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: திட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொரோனா காலத்தில், 2020-இல், நிறுத்தப்பட்ட இந்தத் திட்டம் 2024 ஜனவரி 9 முதல் திரும்ப வந்தது. இரண்டு வகை உண்டு.

க்விக் சர்வீஸ் பிளான்: ஓர் இரவுத் தங்கலுக்கு ஒருவருக்கு இரண்டு க்விக் சர்வீஸ் சாப்பாடு, ஒரு ஸ்நாக். கவுண்டரில் ஆர்டர் கொடுத்துத் தட்டை நாமே எடுத்துக்கொள்ளும் இடங்கள்தான் க்விக் சர்வீஸ்.

டிஸ்னி டைனிங் பிளான்: ஓர் இரவுக்கு ஒரு டேபிள் சர்வீஸ் சாப்பாடு, ஒரு க்விக் சர்வீஸ் சாப்பாடு, ஒரு ஸ்நாக். டேபிள் சர்வீஸ் என்றால் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம், அல்லது பஃபே.

இரண்டிலும் ஆளுக்கு ஒரு மக் கிடைக்கும். தங்கியிருக்கும் நாள் முழுக்க அதில் காபி, சோடா எல்லாம் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஹோட்டலில் மட்டும்தான், தீம் பார்க்குக்குள் நிரப்ப முடியாது. பகல் முழுவதும் பார்க்கில் இருப்பவர்களுக்கு இந்த மக் காலைக் காபியோடு முடிந்துவிடும். அதனால் இதற்குப் பெரிய மதிப்புப் போடாதீர்கள்.

ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு பானம் சேர்த்தி. 21 வயது ஆனவர்களுக்கு அது பீராகவோ காக்டெயிலாகவோ இருக்கலாம். இந்த ஒரு வரியை நன்றாக நினைவில் வையுங்கள், கணக்கே இதில்தான் புரள்கிறது.

டேபிள் சர்வீஸ் சாப்பாட்டில் முதன்மை உணவு, இனிப்பு, பானம் மூன்றும் அடங்கும். தொடக்கத்தில் வரும் ஸ்டார்ட்டர் அடங்காது. டிப்ஸும் அடங்காது. ஆறு பேர் அல்லது அதற்கு மேல் போனால் 18 சதவீத டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். ஆக, "எல்லாம் கட்டியாச்சு" என்று நினைத்துப் போனாலும் மேசையில் கொஞ்சம் பணம் எடுத்து வைக்கத்தான் வேண்டும்.

படி 2: வயதையும் இரவையும் எழுதுங்கள்

டிஸ்னி கணக்கில் 10 வயது ஆனவர் பெரியவர். 3 முதல் 9 வரை குழந்தை விலை. 3 வயதுக்குக் கீழே இருந்தால் திட்டமே தேவையில்லை, பெரியவர்கள் தட்டிலிருந்து ஊட்டிக்கொள்ளலாம். பஃபேயிலும் அந்த வயதுக்குக் கட்டணம் கிடையாது.

ஒரே பேக்கேஜில் இருக்கும் 3 வயது நிரம்பிய அனைவரும் ஒரே திட்டத்தை எடுக்க வேண்டும். "பசங்களுக்கு மட்டும் போதும், எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால் இது முக்கியமான விஷயம். காலையில் இரண்டு இட்லியும் மதியம் கொஞ்சம் சோறும் சாப்பிடுகிறவர்களுக்கும் முழுப் பெரியவர் விலைதான். எப்படியும் இரண்டு அறை எடுப்பதாக இருந்தால், அவர்கள் அறையைத் தனியாக புக் செய்து அதைத் திட்டத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, விலையும் சாப்பாடும் இரவுக் கணக்கு. 5 இரவு தங்கினால் நீங்கள் அங்கே இருப்பது 6 நாள். க்விக் சர்வீஸ் பிளானில் ஒருவருக்குக் கிடைப்பது 10 சாப்பாடு, 5 ஸ்நாக். ஆறு நாளுக்கு மூன்று வேளை என்று பார்த்தால் 18 வேளை. மீதி வேளைகளுக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

படி 3: உங்கள் குடும்பம் உண்மையில் என்ன சாப்பிடும்?

இந்தப் படியை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. இதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கூட்டல்தான்.

மெனுவைப் பார்த்து "இதெல்லாம் வாங்கினால் இவ்வளவு ஆகும், திட்டத்தில் இவ்வளவுதான்" என்று கணக்குப் போட்டால் திட்டம் எப்போதும் லாபமாகத்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: திட்டம் இல்லையென்றால் இவர்கள் என்ன வாங்கியிருப்பார்கள்?

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். சாப்பாட்டோடு சோடா குடிப்பவரா, தண்ணீரா? க்விக் சர்வீஸ் கவுண்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகவே ஒரு கப்பில் தருவார்கள். மது அருந்துவீர்களா? தட்டை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வீர்களா? அமெரிக்க அளவில் ஒரு தட்டு என்பது பல பெரியவர்களுக்கு ஒன்றரை வேளைச் சாப்பாடு. காலையில் அறையிலேயே பாலும் சீரியலும் போதுமா? அறையில் சின்ன ஃபிரிட்ஜ் இருக்கும்.

அப்புறம், கட்டுச்சோறு. டிஸ்னி வேர்ல்டு பார்க்குகளுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாட்டில், மது, சூடுபண்ண வேண்டிய பொருள் போன்றவை கூடாது. புளியோதரையும் சப்பாத்தி ரோலும் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் உங்கள் வீட்டில் உண்டென்றால், அதற்கு எத்தனை வேளை என்று இப்போதே எழுதிவிடுங்கள். திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு கட்டுச்சோறும் கொண்டுபோவது இரட்டைச் செலவு.

படி 4: கூட்டிப் பாருங்கள்

டிஸ்னியின் இணையதளத்திலும் செயலியிலும் எல்லா உணவகங்களின் மெனுவும் விலையோடு இருக்கும். நீங்கள் போகக்கூடிய மூன்று நான்கு இடங்களைப் பார்த்துச் சராசரி எடுங்கள். திட்ட விலை ஆண்டுக்காண்டு மாறும், உங்கள் தேதிக்கு உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். முறையைக் காட்ட நான் 2024 விலையை எடுத்துக்கொள்கிறேன்: க்விக் சர்வீஸ் பிளான் பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83 டாலர். டிஸ்னி டைனிங் பிளான் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. எல்லாம் ஓர் இரவுக்கு.

அப்பா, அம்மா, 11 வயது மகள், 7 வயது மகன் என்று ஒரு குடும்பம். 5 இரவு. மகள் பெரியவர் கணக்கு என்பதால் மூன்று பெரியவர், ஒரு குழந்தை. க்விக் சர்வீஸ் பிளான் ஓர் இரவுக்கு 194.86 டாலர், ஐந்து இரவுக்கு 974.30 டாலர்.

இப்போது கையிலிருந்து கொடுத்தால்? உத்தேச விலையாக ஒரு தட்டு 14 டாலர், சோடா 5, ஸ்நாக் 7 என்று வைப்போம். பெரியவர் ஒருவர் இரண்டு தட்டு, இரண்டு சோடா, ஒரு ஸ்நாக் வாங்கினால் 45 டாலர். பார்க்குகள் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் விற்பனை வரி 6.5 சதவீதம், அதையும் சேர்த்தால் 48. திட்டத்தில் வரி ஏற்கெனவே அடக்கம் என்பதால் இதைச் சேர்த்தே ஒப்பிட வேண்டும். ஆக, எல்லா வேளையும் சோடா குடித்தாலும் திட்டம்தான் 9 டாலர் அதிகம். மக்குக்கு ஏதோ கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் திட்டத்தின் பக்கம் தராசு சாயவில்லை.

அதே ஆள் தண்ணீர் குடிப்பவர் என்றால் செலவு வரியோடு சுமார் 37 டாலர். இரவுக்கு 20 டாலர் நஷ்டம். மூன்று பெரியவர், ஐந்து இரவு என்றால் 300 டாலரை நெருங்குகிறது.

மாறாக, இரண்டு வேளையும் 15 டாலர் காக்டெயில் எடுப்பவருக்கு அதே கணக்கு 69 டாலர் ஆகும். அவருக்குத் திட்டம் 12 டாலர் லாபம். இதை வைத்துத்தான் சொன்னேன், பானம்தான் கணக்கைப் புரட்டுகிறது என்று. மது அருந்தாத குடும்பங்களுக்கு க்விக் சர்வீஸ் பிளானை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழந்தைகள் விஷயம் வேறு. குழந்தைகள் மெனுவில் பானத்தோடு 9 டாலர் என்று வைத்தால் இரண்டு வேளையும் ஒரு ஸ்நாக்கும் வரியோடு 26 டாலரைத் தாண்டும். திட்டத்தில் 23.83. மகனுக்கு இரவுக்கு இரண்டு மூன்று டாலர் மிச்சம். ஆனால் அந்த மிச்சம் பெரியவர்களின் நஷ்டத்தை ஈடுகட்டாது.

படி 5: மிக்கியோடு சாப்பிட வேண்டுமா?

வேண்டும் என்றால் டிஸ்னி டைனிங் பிளானைப் பாருங்கள். செஃப் மிக்கீஸ் போன்ற இடங்களில் மிக்கி, மின்னி எல்லாரும் மேசை மேசையாக வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த கேரக்டர் பஃபேக்கள் விலை கூடியவை. பெரியவருக்கு 65, குழந்தைக்கு 40 டாலர் என்று வைத்துக்கொண்டு ஒரு க்விக் சர்வீஸ் சாப்பாட்டையும் ஸ்நாக்கையும் மேலே செய்த மாதிரியே கூட்டினால், பெரியவருக்கு வரியோடு சுமார் 97 டாலர் வருகிறது. திட்டம் 94.28, அதாவது ஏறக்குறைய சமம். குழந்தைக்கோ சுமார் 60 டாலர் வருவது 29.69-இல் முடிகிறது. பாதி விலை!

அதனால் 3 முதல் 9 வயதுக்குள் இரண்டு குழந்தைகள், தினமும் ஒரு கேரக்டர் சாப்பாடு என்றால், தாராளமாக எடுங்கள். அதே திட்டத்தை எடுத்துவிட்டு சாதாரண டேபிள் சர்வீஸ் உணவகத்துக்குப் போனால் பெரியவர் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 20 டாலர் வரை கை நஷ்டம்.

2026 பயணங்களுக்கு, பெரியவர்கள் திட்டத்தோடு பேக்கேஜ் வாங்கினால் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் திட்டம் இலவசம் என்று டிஸ்னி அறிவித்தது. தள்ளுபடி இல்லாத பேக்கேஜ் என்பது போன்ற நிபந்தனைகள் இதில் உண்டு. இப்படி ஏதாவது சலுகை இருக்கும் ஆண்டில் குழந்தை வரியில் பூஜ்யம் போட்டுக் கணக்கை மறுபடி பாருங்கள். ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்கும் அறைத் தள்ளுபடியையும் செலவுப் பக்கம் எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள், கலிஃபோர்னியா கிரில் போன்ற உணவகங்கள் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு டேபிள் சர்வீஸ் கிரெடிட் எடுத்துக்கொள்ளும் (திட்டத்தில் உங்களுக்குச் சேரும் ஒவ்வொரு சாப்பாடும், ஸ்நாக்கும் ஒரு கிரெடிட்). அப்புறம், திட்டம் இருப்பதாலேயே மேசை கிடைத்துவிடாது. தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கலின் முதல் 10 நாளுக்கும் சேர்த்துப் பதிவு செய்யலாம். அந்தக் காலையில் செயலியைத் திறந்து உட்கார உங்களால் முடியாது என்றால் இந்தத் திட்டம் வேண்டாம்.

படி 6: சைவமா?

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றால் கிடைக்கும். முழுக்கத் தாவர உணவாக உள்ளவற்றுக்கு மெனுவில் இலைக் குறி போட்டிருப்பார்கள். அனிமல் கிங்டம் என்ற பார்க்கில் உள்ள சாத்துலி கேன்டீனில் டோஃபு வைத்த கிண்ணம் கிடைக்கும். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் இருக்கும் சனா என்ற உணவகம் இந்திய, ஆப்பிரிக்கச் சுவையில் சமைப்பது. அங்கே பலவகை ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சட்னி வகைகளும் வரும் பிரெட் சர்வீஸ் நம் ஆட்களுக்கு மிகவும் பிடிக்கும். அதை இரண்டு மூன்று பேர் பகிர்ந்தால் வயிறு நிறைந்துவிடும். ஆனால் அது ஸ்டார்ட்டர். டேபிள் சர்வீஸ் கிரெடிட்டில் ஸ்டார்ட்டர் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? உங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒன்றைத் திட்டத்துக்கு வெளியே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

விலையிலும் சைவம் பாதகம்தான். மெனுவில் விலை கூடியவை இறைச்சியும் மீனும். ஒரு கிரெடிட்டுக்கு ஸ்டேக் எடுப்பவரும் பாஸ்தா எடுப்பவரும் கட்டியது ஒரே தொகை. சைவக் குடும்பத்தின் சராசரித் தட்டு விலை குறைவாகத்தான் வரும், அதைக் குறைவாகவே தாளில் எழுதுங்கள்.

படி 7: எடுப்பது என்று முடிவானால்

கிரெடிட்கள் குடும்பத்துக்கு ஒரே கணக்கில் சேரும். எந்த நாளில் எத்தனை எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லை, முதல் நாள் மூன்றும் மறுநாள் ஒன்றும் எடுக்கலாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எவ்வளவு பாக்கி என்று செயலியில் பாருங்கள். விலை குறைந்த சாப்பாட்டுக்கு கிரெடிட் போகாமல், அதற்குப் பணமாகக் கொடுத்துவிட்டு விலை கூடிய வேளைக்கு கிரெடிட்டை வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்நாக் கிரெடிட்டைக் கொடுக்காதீர்கள், 7 டாலர் ஐஸ்கிரீமுக்கு வையுங்கள்.

அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு மீதமுள்ள கிரெடிட் எல்லாம் காலாவதி, பணமாகத் திரும்பாது. கடைசி நாள் விமானம் சாயங்காலம் என்றால் காலையிலேயே பாக்கியைப் பார்த்து, மீந்த ஸ்நாக் கிரெடிட்டுக்கு ஹோட்டல் கடையில் பாக்கெட்டில் வரும் பிஸ்கட், சாக்லேட் வகைகளை வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் குழந்தைகளுக்கு ஆகும்.