லிப்ஸ்டிக் கணக்கில் விழுந்த ஓட்டை

கீழக்கரையில் மேக்கப் பொருள் விற்க நான் ஒதுக்கியது 3 லட்சம். உரிமம் உள்ள தொழிற்சாலையில் தயாரிப்பு, எட்டு நிறம், தங்க எழுத்துப் பெட்டி. எழுதிப் பார்த்தால் பெட்டிக்கே ஒரு லட்சம்! லிப்ஸ்டிக்குக்கான 18 சதவீத ஜிஎஸ்டியையும் மறந்திருந்தேன்.

முதலில் நிறங்களை மூன்றாகக் குறைத்தேன். அப்புறம் மாதிரிக் குச்சியைச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். குழைந்துவிட்டது. தேன்மெழுகு 62 டிகிரியை ஒட்டியே உருகும். ஒருவகைப் பனை ஓலையில் எடுக்கும் கார்னவ்பா மெழுகு 80-ஐத் தாண்டும். அதைக் கூட்டியதில் குச்சிக்கு 4 ரூபாய் ஏறியது. கொடுத்தேன், வெயிலோடு பேரம் பேச முடியாதே.

அந்தப் பணம் தங்க எழுத்துப் பெட்டியைக் கைவிட்டதில் வந்தது. தொகுதி எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரியோடு வெறும் ஸ்டிக்கர். தயங்கியபடி மாமியிடம் காட்டினேன்.

“பெட்டியவா பூசப் போறாக?” என்றார்.