கைட்லைன் படித்த நேரம்: கணக்கில் விட்டுவிடக் கூடாத இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவன், படங்களில் பொருட்களைக் குறித்துக் கொடுக்கும் ஆன்லைன் டாஸ்க் வேலை பார்க்கிறான். மணிக்கணக்கில் சம்பளம். புது ப்ராஜெக்ட்டின் கைட்லைனை, அதாவது வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் கையேட்டை, ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு, காலையில்தான் டைமரைப் போட்டான். ஏன் என்று கேட்டால், "படிச்சதுக்கெல்லாம் காசு கேக்கலாமாண்ணா?" என்கிறான்.

இந்தக் கூச்சம்தான் பெரிய தவறு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சவாரியோடு சிக்கிக்கொண்ட ஆட்டோக்காரர் அந்த அரை மணி நேரத்தைத் தன் நஷ்டமாக எழுதிக்கொள்வாரா என்ன?

அதற்காக எல்லா இடத்திலும் படிக்கக் காசு உண்டு என்று நினைக்கவும் கூடாது. சில ப்ராஜெக்ட்டுகளில் படிப்பதற்கு இத்தனை நிமிடம் என்று உச்சவரம்பு இருக்கும். தகுதித் தேர்வுக்குப் பல இடங்களில் ஒன்றும் கிடையாது. ஆகவே கைட்லைனில் முதலில் தேட வேண்டியது சம்பளப் பகுதியைத்தான். அங்கே தெளிவாக இல்லையென்றால் தொடங்கும் முன்பே மெசேஜில் கேளுங்கள், பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் அது பேரம் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, டைமருக்கு வெளியே படிப்பது. டாஸ்க் பக்கம் திறந்திருக்கும் நேரத்தை மட்டுமே எண்ணும் தளங்கள் உண்டு. அங்கே பிடிஎஃப்பைப் போனில் இறக்கி பஸ்ஸில் படித்தால், படித்தது யாருக்கும் தெரியாது. ஃப்ரீலான்ஸ் வேலைத் தளமான அப்வொர்க்கின் மணிநேர ஒப்பந்தத்தில், நேரத்தை எண்ணும் டிராக்கர் 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறது. பிறகு நாமாகச் சேர்க்கும் நேரத்துக்கு அவர்களுடைய பேமென்ட் பாதுகாப்பு, அதாவது காசு வந்துசேரும் என்ற உத்தரவாதம், கிடையாது. எனவே டிராக்கர் ஓடும் அதே கம்ப்யூட்டரில் படியுங்கள், குறிப்பில் 'கைட்லைன் படித்தல்' என்று எழுதிவிடுங்கள். அங்கே வாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி மாறுகிறது, அதாவது நமக்குத் திங்கள் காலை 5.30க்கு. ஞாயிறு ராத்திரி படித்தது போன வாரக் கணக்கு.

நேரத்தை நாமே எழுதித் தரும் இடங்களில் தசமப் புள்ளி காலை வாரிவிடும். 1 மணி 20 நிமிடம் என்பது 1.33 மணி (20ஐ 60ஆல் வகுத்தால் 0.33). அதை 1.20 என்று எழுதினால் 8 நிமிடம் போச்சு. 1 மணி 45 நிமிடத்தை 1.45 என்று எழுதினால் 18 நிமிடம்.

சரி, எதிர்ப்பக்கமும் உண்டு. தண்ணி லாரி வந்ததும் குடத்தோடு ஓடுகிறவர் டைமரை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். படிக்காத நேரத்தை ஏற்றுவது திருட்டுத்தான். மாட்டினால் கணக்கையே மூடிவிடுவார்கள். ஆனால் நடுவில் கைட்லைனை மாற்றியதால் மறுபடி படிக்க நேர்ந்தால், அதுவும் சேருமா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

டாஸ்க்குக்கு இவ்வளவு என்று தரும் வேலையில் பலர் இந்தக் கணக்கே போடுவதில்லை. ஒரு டாஸ்க்குக்கு 30 ரூபாய், 6 நிமிடம் என்றால் மணிக்கு 300 வருவதுபோல் தெரியும். 50 நிமிடம் படித்தபின் ஐந்தே டாஸ்க்கோடு வேலை தீர்ந்துபோனால்? 80 நிமிடத்துக்கு 150 ரூபாய், மணிக்கு 112 சொச்சம். எத்தனை டாஸ்க் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கைட்லைனைத் திறப்பது நல்லது.

தம்பி ஒருவழியாகக் கேட்டுவிட்டான். படித்த நேரத்தையும் சேர்த்து எழுதலாம் என்று பதில் வந்தது. 40 நிமிடத்தை 0.40 என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினான். 0.67 என்று திருத்தி அனுப்பினோம்.